உங்க வீட்டு ஸ்டாப் டாப் எங்கே இருக்கு?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம். வருஷக் கடைசிக் கணக்கு, ஆடிட்... வழக்கமான கதைதான். ஆனா இன்னிக்கு எழுத வந்தது வேற ஆணியைப் பத்தி. நிஜ ஆணி. ரெண்டு இஞ்ச் நீளம். போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நானே என் கையால அடிச்சது.

அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. உங்க வீட்டுக்குள்ள வர்ற தண்ணியை மொத்தமா நிறுத்தற குழாய், இங்க ஸ்டாப் டாப்னு சொல்றாங்களே, அது எங்கே இருக்கு? எந்திரிச்சுப் போய்ப் பார்க்காம, தங்கமணியைக் கேக்காம சொல்லுங்க பார்ப்போம். சொல்லிட்டீங்களா? அப்ப இந்தப் பதிவு உங்களுக்கு இல்லை. முழிக்கிறீங்களா? வாங்க, உக்காருங்க. நம்ம ரெண்டு பேரும் ஒரே கட்சி.

நாங்க இருக்கறது லண்டன் க்ராய்டன்ல, 1930-கள்ல கட்டின ஒரு பழைய வீடு. மாடியில நடைபாதைப் பலகை ஒண்ணு காலை வெச்சா 'க்ரீச்'னு கத்தும். பொண்ணு பரீட்சைக்குப் படிக்கறா, தொந்தரவா இருக்குன்னாள். சரி, இதுக்கெல்லாம் ஆளைக் கூப்பிடணுமான்னு வீரமா சுத்தியல் எடுத்தேன். நாலாவது அடியில 'உஸ்ஸ்'னு ஒரு சத்தம். பாம்பு சீறற மாதிரி. பயந்துபோய் ஆணியைப் புடுங்கினேன். அதுதான் ரெண்டாவது தப்பு. பலகைக்கு அடியில ஓடின 15 மி.மீ. செம்புக் குழாயில அந்த ஆணியே ஒரு அடைப்பானா இருந்திருக்கு. எடுத்ததும் தண்ணி பீச்சியடிக்க ஆரம்பிச்சுது.

அடுத்த பத்து நிமிஷம் நான் என்ன பண்ணேன்? போன்ல பிளம்பர் நம்பர் தேடினேன். மூணு பேர் எடுக்கலை. நாலாவது ஆள் ரெண்டு மணி நேரம் ஆகும், வந்து நிக்கறதுக்கே 180 பவுண்டுன்னார். கீழே சமையலறைக் கூரையில ஈரம் படர்ந்து, விளக்கைச் சுத்தி சொட்ட ஆரம்பிச்சுது. தங்கமணி கேட்டா: "மெயின் வால்வு எங்கங்க?"

ஏழு வருஷமா இந்த வீட்டுல இருக்கேன். வீட்டுக் கடன் வட்டி எவ்வளவுன்னு ரெண்டு தசம ஸ்தானம் வரைக்கும் தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். மெயின் வால்வு எங்கேன்னு தெரியலை.

தெரிஞ்சவர் ஒருத்தர் வீட்டுல இருந்தார். எங்க நைனா. வயசு எழுபத்தாறு. விசிட்டர் விசாவுல வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. டிவி முன்னாடியிருந்து எந்திரிச்சு வந்தார். "மொதல்ல கரண்டை நிறுத்தும்மா"ன்னு மருமகள்கிட்ட சொல்லிட்டு, சமையலறை சிங்க்குக்கு அடியில குனிஞ்சு, அங்கிருந்த சோப்பு பாட்டில் எல்லாத்தையும் வெளியில வாரிப் போட்டு, மூலையில இருந்த பித்தளைத் திருகை ஈரத்துணி சுத்திப் பிடிச்சுத் திருகினார். இறுகிப்போய்க் கிடந்தது. கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே, மறுபடி முன்னேன்னு பொறுமையா ஆட்டி மூடினார். சத்தம் நின்னுது.

"உனக்கு எப்படித் தெரியும் நைனா?"

"தண்ணி எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு வந்த அன்னிக்கே பாத்துட்டேன். ஆணியை ஏண்டா புடுங்கினே?"

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்க ஊர் குடுபல்லி. குப்பத்துக்கு அடுத்த ஸ்டேஷன். ஜோலார்பேட்டை - பெங்களூர் ரயில்ல போறவங்க ஜன்னல் வழியாப் பார்த்திருப்பீங்க. சித்தூர் மாவட்டத்தோட மூலை. ஒரு பக்கம் கர்நாடகா, இன்னொரு பக்கம் தமிழ்நாடு. வீட்டுல தமிழ், தெருவுல தெலுங்கு, சந்தையில கன்னடமும் சேர்ந்துக்கும். நைனா கோலார் தங்கவயல்ல பைப் ஃபிட்டர். குடுபல்லியில ரயில் ஏறி, பங்காருபேட்டையில மாறி, மாரிக்குப்பம் வண்டி பிடிச்சுப் போவார். வார லீவுக்குத்தான் வீடு. அங்க சுரங்கம் மூணு கிலோமீட்டருக்கும் கீழே போகும். பாறையைத் துளைக்கற மிஷினுக்குக் காத்து ஒரு குழாய்ல, தண்ணி ஒரு குழாய்ல போகணும். அந்தக் குழாய்களை மாட்டறதும், ஒழுகினா அடைக்கறதும் அவர் வேலை. அடுப்பு மாதிரி கொதிக்கற இருட்டுல. 2001-ல சுரங்கத்தை மூடினாங்க. அதே சமயத்துலதான் நான் பி.காம். முடிச்சேன்.

அவர் ஸ்பேனர் பொட்டியை நான் தொட்டதே இல்லை. தொட விட்டதில்லைங்கறதுதான் சரி. "இதுல கை வெச்சா கையை ஒடிப்பேன். போய்ப் படி"ன்னு சொல்வார். அவர் மேல நான் குத்தம் சொல்ல மாட்டேன். தங்கவயல்ல கீழே இறங்கினவங்கள்ல பெரும்பாலானவங்க வட ஆற்காடு, சித்தூர்ப் பக்கத்திலிருந்து போன ஒடுக்கப்பட்ட ஜனங்க. அவங்களுக்கு அந்த வேலை ஒரு பொழுதுபோக்கு இல்லை. வேற வழி இல்லாம பண்ணது. மகன் கையில கரி படக்கூடாதுன்னு அவங்க நினைச்சதுல முழு நியாயம் இருக்கு.

நான் சண்டைக்கு வர்றது நம்ம கிட்ட. கரியே படாத கையோட பொறந்து, அதையே ஒரு கௌரவமா வெச்சுக்கிட்டிருக்கற நம்ம கிட்ட.

நம்ம ஆளுங்க கூடற எந்தப் பொறந்த நாள் பார்ட்டிக்கும் போங்க. பிளம்பர் பேச்சு வந்தா என்ன நடக்கும்? "கொள்ளை அடிக்கறான் சார். அரை மணி நேரம் திருகிட்டு நூறு பவுண்டு." கவனிச்சீங்களா, 'அடிக்கறான்'. கார் கம்பெனிக்காரர், பல் டாக்டர், வக்கீல் எல்லாரும் 'ர்'. பிளம்பர் மட்டும் 'ன்'. அரை மணி நேரம் பல்லைப் பார்த்துட்டு அதே காசு வாங்கற டாக்டரை யாராவது 'அவன்'னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? கல்யாணத்துக்குப் பையன் பார்க்கற இடத்துல, 'மாப்பிள்ளை பிளம்பர், சொந்த வேன், சொந்த வீடு'ன்னு வந்தா ஜாதகம் வாங்குவோமா? வாங்க மாட்டோம். அதே ஆள் மாசம் நம்மளைவிட அதிகமா சம்பாதிக்கறார்னு தெரிஞ்சும் வாங்க மாட்டோம். அப்ப இது காசு சம்பந்தப்பட்டது இல்லை. ஊர்லேர்ந்து மூட்டை கட்டி எடுத்துட்டு வந்த பழைய சரக்கு.

ஒரு தகவல். லண்டன்ல பிளம்பர்களோட சங்கத்துக்கு ராஜ சாசனம் கிடைச்சது 1611-ல. இங்கிலாந்து வங்கி ஆரம்பிச்சது 1694-ல. என் தொழிலைவிட அவங்க தொழிலுக்கு இந்த ஊர்ல எண்பத்தி மூணு வருஷம் சீனியாரிட்டி :-)

இதைச் சொன்னா நண்பர் ஒருத்தர் சொன்னார்: "நீ காமர்ஸ் படிச்சவன்தானே? ரிக்கார்டோ படிக்கலையா? உனக்கு எது நல்லா வருமோ அதைப் பண்ணு, மத்ததைக் காசு குடுத்து வாங்கு." படிச்சேன் சார். 1817-ல அவர் எழுதினது: இங்கிலாந்து துணி நெய்யட்டும், போர்ச்சுக்கல் ஒயின் பண்ணட்டும். ரொம்பச் சரி. ஆனா அதுல துணியும் ஒயினும் கப்பல்ல வந்து சேர்ற வரைக்கும் ரெண்டு நாடும் உயிரோட இருக்கும்னு ஒரு அனுமானம் இருக்கு. பிளம்பர் வர ரெண்டு மணி நேரம். ஆணி ஓட்டை சின்னதுதான், நிமிஷத்துக்கு அஞ்சு லிட்டர்னு வெச்சுக்கங்க. ஒரு மணி நேரத்துல 300 லிட்டர். எங்க ஊர்க் கணக்குல இருபது குடம். இருபது குடம் தண்ணியை உங்க சமையலறைக் கூரை மேல, விளக்கு வயர் மேல கொட்டிக்கிட்டு ரிக்கார்டோவைப் படிக்க முடியுமா?

இன்னொருத்தர், "அதான் இன்சூரன்ஸ் இருக்கே"ன்னார். பாலிசியைப் பிரிச்சுப் படிங்க. பல பாலிசிகள்ல தண்ணியால கெட்டுப்போன கூரைக்கும் தரைக்கும் காசு உண்டு, ஓட்டையான குழாய்க்குக் கிடையாது. நம்ம பங்காக் கட்ட வேண்டிய முதல் தொகை வேற. அதுக்கப்புறம் அடுத்த வருஷப் பிரீமியம். வங்கிக்காரன் சொல்றேன், நம்புங்க.

சரி, ரிப்பேர் கதைக்கு வருவோம். அன்னிக்கு ராத்திரி நைனா தற்காலிகமா ஒரு வைத்தியம் பண்ணார். பொண்ணோட பழைய சைக்கிள் ட்யூப்ல ஒரு துண்டு வெட்டி ஓட்டை மேல இறுக்கிச் சுத்தினார். தோட்டத்து ஹோஸ் பைப்பிலிருந்து ரெண்டு க்ளிப்பைக் கழட்டி அதுக்கு மேல போட்டு முடுக்கினார். ஸ்டாப் டாப்பைப் பாதி மட்டும் திறந்தார். காலை வரைக்கும் தாங்குச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில கடைக்குப் போய் ரெண்டே சாமான் வாங்கினேன். ஒண்ணு, குழாய் வெட்டற சின்ன வட்டக் கட்டர். ரெண்டாவது, ஸ்லிப் கப்ளர்னு சொல்ற 15 மி.மீ. பித்தளை இணைப்பு. ரெண்டும் சேர்ந்து பதினஞ்சு பவுண்டைத் தாண்டலை. சாதாரண இணைப்பு வேண்டாம். அதுக்கு நடுவுல ஒரு தடுப்பு இருக்கும், தரைக்கு அடியில ஆடாம கிடக்கற குழாய்ல மாட்ட முடியாது. ஸ்லிப் கப்ளர்ல தடுப்பு இல்லை. ஒரு பக்கம் முழுசா உள்ள தள்ளிட்டு, மறுபக்கக் குழாயோட நேராக்கி, திரும்பப் பின்னாடி இழுத்துக்கலாம். பழைய வீட்டுக்காரங்களுக்கு ஒரு குறிப்பு: மெட்ரிக் வர்றதுக்கு முன்னாடி போட்ட அரை இஞ்ச் செம்புக் குழாய்க்கும் இந்த 15 மி.மீ. இணைப்பு பொருந்தும். முக்கால் இஞ்ச் பழைய குழாய்க்கும் 22 மி.மீ.க்கும் அப்படிப் பொருந்தாது, அதுக்குத் தனி வளையமோ அடாப்டரோ கேட்டு வாங்கணும்.

நான் வெட்டினேன். நைனா பக்கத்துல டார்ச் பிடிச்சுக்கிட்டு உக்காந்தார். முதல்ல பாய்லரை நிறுத்தினோம். ஸ்டாப் டாப்பை மூடி, எல்லாக் குழாயையும் திறந்து தண்ணியை வடிச்சோம். கீழ்க் குழாயைத்தான் கடைசி வரைக்கும் திறந்து வெச்சிருக்கணும். ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் கட்டரை வெச்சு, ஒரு சுத்து சுத்தி, கொஞ்சம் முடுக்கி, மறுபடி சுத்தினா வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். அவசரமா முடுக்கினா குழாய் நசுங்கும். ஒரு சென்டிமீட்டர் துண்டு போச்சு. வெட்டின வாயில இருக்கற பிசிறை உள்ளேயும் வெளியேயும் வழிச்சு எடுக்கணும். பழைய பெயிண்ட், களிம்பு எல்லாம் போகத் தேய்ச்சு செம்பு பளபளன்னு தெரியணும். அப்புறம் நட், அதுக்கு மேல ஒரு சின்ன வளையம், அதுக்கு இங்க 'ஆலிவ்'னு பேரு. பிறகு கப்ளர். நட்டைக் கையால எவ்வளவு முடியுமோ அவ்வளவு திருகிட்டு, ஒரு ஸ்பேனரால கப்ளரை ஆடாம பிடிச்சு, இன்னொரு ஸ்பேனரால ஏறக்குறைய ஒரு சுத்து. அவ்வளவுதான். அந்த வளையம் நசுங்கிக் குழாயைக் கவ்விக்கறதுலதான் தண்ணி நிக்குது.

நான் இன்னும் கொஞ்சம் முடுக்கப் போனேன். நைனா கையைத் தட்டினார். "போதும். பயத்துல முடுக்கறவன்தான் மரையைக் கெடுப்பான்." இருபது வருஷமா வங்கியில கடன் குடுக்கறேன், ரிஸ்க் பத்தி இதைவிட நல்ல பாடம் எந்த டிரெய்னிங்லயும் கேட்டதில்லை.

ஏன் பத்தவைச்சு ஒட்டலைன்னு கேப்பீங்க. குழாய்க்குள்ள சொட்டுத் தண்ணி இருந்தாலும் அது சூட்டை இழுத்துக்கும், ஈயப்பத்து சரியாப் பிடிக்காது. அதுவும் நூறு வருஷத்துக் காய்ஞ்ச மரப் பலகைக்கு அடியில நெருப்பைக் காட்டறது முதல் தடவை பண்றவனுக்கு வேலை இல்லை. குடிதண்ணிக் குழாய்ல ஈயம் கலந்த பத்து வைக்கவே கூடாதுங்கறதையும் சேர்த்துக்கங்க. அமெரிக்கா 1986-லயே அதைத் தடை பண்ணிடுச்சு.

ஸ்டாப் டாப்பை மெதுவாத் திறந்து, இணைப்பைச் சுத்தி டிஷ்யூ பேப்பரை வெச்சுப் பார்த்தோம். ஈரம் இல்லை. பலகையை உடனே மூடலை. ஒரு நாள் முழுக்கத் திறந்து வெச்சு, மறுநாள் மறுபடி டிஷ்யூ வெச்சுப் பார்த்துட்டுத்தான் மூடினோம். இந்தத் தடவை ஆணி இல்லை. குழாய் இல்லாத இடம் பார்த்து, குட்டையான ஸ்க்ரூ.

"அப்ப பிளம்பரே வேண்டாம்கறியா?" இல்லவே இல்லை. சுவத்துக்குள்ள ஓடற குழாய், பாய்லர், ஊருக்கு ஊர் சட்டம் தடுக்கற வேலை, இதுக்கெல்லாம் அவர்தான் வேணும். மரியாதையா கூப்பிடுவோம், கேட்ட கூலி குடுப்போம், வேலை பார்க்கறப்ப பக்கத்துல நின்னு பார்த்துக் கத்துப்போம். ஒரு வேலையைக் கையால ஒரு தடவை பண்ணிப் பார்த்தவன், அதைப் பண்றவரை 'அவன்'னு சொல்ல மாட்டான். கூலி அதிகம்னு மூக்கால அழ மாட்டான். எனக்கு அந்த ஒரு சென்டிமீட்டர் குழாயை வெட்டி மாட்ட மூணு மணி நேரம் ஆச்சு. முதுகு ரெண்டு நாள் வலிச்சுது. 180 பவுண்டு கேட்டவர் மேல இப்ப எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

என் கோபமெல்லாம், தண்ணி எங்கிருந்து வருதுன்னு தெரியாம இருக்கறதை 'படிச்சவன் லட்சணம்'னு நினைச்சிருந்த அந்த ஏழு வருஷத்து மேலதான். எங்க ஊர்ல எந்த போர்ல தண்ணி இருக்கு, எது வத்திப்போச்சுன்னு எட்டு வயசுப் பொண்ணுக்கும் தெரியும். அதுங்கதான் குடம் தூக்கும். இங்க நம்ம பிள்ளைங்களுக்கு கீபோர்டு, பரதநாட்டியம், வேதிக் மேத்ஸ் எல்லாம் சொல்லிக் குடுக்கறோம். குழாயை மூடச் சொல்லிக் குடுத்தோமா?

அதனால இந்த வாரக் கடைசியில ஒரே ஒரு காரியம் பண்ணுங்க. சிங்க்குக்கு அடியில இருக்கற சாமானை வெளியில எடுங்க. ஸ்டாப் டாப்பைக் கண்டுபிடிங்க. மூடித் திறந்து பாருங்க. இறுகியிருந்தா முரட்டுத்தனமாத் திருகாதீங்க, முன்னே பின்னே ஆட்டுங்க. முழுசாத் திறந்தப்புறம் கால் சுத்து திரும்ப மூடி வைங்க, அடுத்த தடவை இறுகாது. அது வேலை செய்யலைன்னா வாசல்ல நடைபாதையில ஒரு சின்ன மூடிக்கு அடியில இன்னொண்ணு இருக்கும், அதையும் பார்த்து வைங்க. சிங்க்குக்கு அடியில வர்ற குழாய் செம்பு நிறத்துல இல்லாம சாம்பலா, மெத்துன்னு இருந்து, சுரண்டினா வெள்ளியா மின்னினா அது ஈயம். 1970-க்கு முன்னாடி கட்டின வீடுகள்ல இருக்க வாய்ப்பு உண்டு. தண்ணி கம்பெனிக்குச் சொல்லுங்க.

இதையெல்லாம் மனைவி, மகள், மகன் எல்லாரையும் கூட நிறுத்திப் பண்ணுங்க. 2018 மார்ச் தொடக்கத்துல அந்தப் பெரிய பனிக்கு அப்புறம் லண்டன்ல ஆயிரக்கணக்கான வீடுகள்ல தண்ணி இல்லாம போச்சே, ஞாபகம் இருக்கா? குழாய் வெடிக்கறப்ப நீங்கதான் வீட்டுல இருப்பீங்கன்னு யாரும் எழுதிக் குடுக்கலை.

அப்படியே ஊருக்கும் ஒரு போன் போடுங்க. அங்க செம்பு கிடையாது, பிளாஸ்டிக் குழாய்தான். ஆனா மாடித் தொட்டிக்குப் பக்கத்துல இருக்கற கேட் வால்வு எதுன்னு தனியா இருக்கற அம்மா அப்பாவுக்குத் தெரியுமான்னு கேளுங்க. தொட்டி காலியாகற வரைக்கும் வேடிக்கை பார்க்கற நிலைமை அவங்களுக்கும் வேண்டாம்.

போன வாரம் நைனா ஊருக்குக் கிளம்பினார். ஏர்போர்ட் போறதுக்கு முன்னாடி பொண்ணு அவரை சிங்க்குக்கு முன்னாடி கூட்டிட்டுப் போய் ஸ்டாப் டாப்பை மூடித் திறந்து காட்டினா. அவர் ஒண்ணும் சொல்லலை. கால் சுத்து திரும்ப மூடினாளான்னு மட்டும் குனிஞ்சு பார்த்தார்.

டிஸ்கி: இந்த நாட்டுல கேஸ் குழாயும் செம்புதான். பலகைக்கு அடியில பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். எது எதுன்னு உறுதியாத் தெரியாம கட்டரை வைக்காதீங்க. கேஸ் வேலைக்கு 'கேஸ் சேஃப்' பதிவு உள்ளவரைத்தான் கூப்பிடணும், அது சட்டம். குழாய்ல மஞ்சள்-பச்சை எர்த் வயர் மாட்டியிருந்தா கழட்டாதீங்க. ஆஸ்திரேலியாவுல பெரும்பாலான இடங்கள்ல தண்ணிக் குழாயை வெட்டி மாட்டறதுக்கே லைசென்ஸ் வேணும். சிங்கப்பூர் மக்களும் பொதுப் பயனீட்டுக் கழக விதியைப் பார்த்துக்கங்க. ஆனா ஸ்டாப் டாப்பை மூட எந்த ஊர்லயும் லைசென்ஸ் தேவையில்லை :-)